எண்ணும் எண்ணுருவும்: ஓசூர் வட்டாரத்து இரு பேரெண்களின் கணிதப் பண்புகளும் வகைப்பாட்டுப் பெயர்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு முழு எண்ணைப் பற்றிக் கூறப்படும் வியப்புச் செய்திகள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. சில பண்புகள் எண்ணுக்கே உரியவை; சில, அவ்வெண்ணை எழுதும் முறைக்கு மட்டுமே உரியவை. இவ்வேறுபாட்டை ஓசூரோடு தொடர்புடைய இரு எண்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ஒன்று, ஓசூரின் அஞ்சல் குறியீட்டு எண்ணான 635109. மற்றொன்று, அங்கு வளர்ந்த கைக்கடிகாரத் தொழிலின் அடிப்படை எண்ணான 32768. பழந்தமிழ் எண்ணுரு முறை இவ்வேறுபாட்டை அறிவதற்கு ஓர் எளிய சோதனையாக அமைவதும், எண் வகைகளுக்குத் தமிழில் பெயரிடும்போது இவ்வேறுபாடு சொல்லிலேயே வெளிப்பட வேண்டுவதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எண், எண்ணுரு, பகாக் காரணி, இலக்கக் கூட்டு, அஞ்சல் குறியீட்டு எண், கலைச்சொல்லாக்கம், ஓசூர்.

1. முன்னுரை

தமிழில் ‘எண்கணிதம்’ என்னும் சொல் இன்று இரு பொருளில் வழங்குகிறது. பள்ளிப் பாடநூலில் அது கூட்டல், கழித்தல், வகுத்தல் முதலியவற்றைக் கற்பிக்கும் கணிதப் பிரிவு. நாளிதழ் விளம்பரத்திலோ அது பெயர், பிறந்த நாள், வண்டி எண் ஆகியவற்றின் இலக்கங்களைக் கூட்டிப் பலன் உரைக்கும் கலை. ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால், இலக்கங்களைக் கூட்டிப் பெறும் விடை எண்ணின் உள்ளியல்பைக் காட்டுவது என்ற எண்ணம் மாணவரிடையேயும் வேரூன்றுகிறது. எண்ணின் பண்பு எது, எண்ணுருவின் பண்பு எது என வரையறுப்பது ஆகவே கணிதத்திற்கு மட்டுமன்றிச் சொல்லாய்வுக்கும் உரிய பணியாகும்.

‘எண்’ என்பது அளவு. ‘எண்ணுரு’ என்பது அவ்வளவை எழுதிக் காட்டும் வடிவம். பன்னிரண்டு என்னும் அளவை 12 என எழுதலாம். பழைய முறையில் ௰௨ எனவும் எழுதலாம். அளவு ஒன்றே, உரு வேறு. உரு மாறினாலும் மாறாத பண்பை ‘எண்சார் பண்பு’ என்றும், உருவோடு சேர்ந்து மாறும் பண்பை ‘எண்ணுருசார் பண்பு’ என்றும் இக்கட்டுரை வழங்குகிறது.

ஓசூர் இவ்வாய்வுக்கு ஏற்ற களம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே பேசப்படும் எல்லை நகரம் அது. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம் தன் கடிகாரத் தொழிற்சாலையை அங்குதான் அமைத்தது. பெயராக மட்டும் பயன்படும் எண்ணும், தன் கணித இயல்பு கருதியே தேர்ந்துகொள்ளப்பட்ட எண்ணும் அவ்வூரில் அருகருகே வழங்குகின்றன.

2. அஞ்சல் குறியீட்டு எண்: அளவா, பெயரா?

இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இதனை வகுத்தவர் நடுவண் அரசின் தகவல் தொடர்பு அமைச்சக அலுவலரும் சமற்கிருதக் கவிஞருமான ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஒரே பெயருடைய ஊர்கள் பலவாதலும், முகவரிகள் பல மொழிகளிலும் எழுத்துகளிலும் எழுதப்படுதலும் அஞ்சல்களைப் பிரிப்பதில் ஏற்படுத்திய இடர்ப்பாட்டை நீக்குவதே அதன் நோக்கம். முதல் இலக்கம் பெருமண்டலத்தையும், அடுத்தவை உட்பிரிவுகளையும், இறுதி மூன்று இலக்கங்கள் அஞ்சல் நிலையத்தையும் சுட்டும். தமிழ்நாடும் கேரளமும் 6 என்னும் மண்டலத்தில் அடங்கும். கருநாடகம் 5-இல் அடங்கும்.

இவ்வெண்கள் அளவைக் குறிப்பன அல்ல என்பதற்கு எல்லைப் பகுதியே சான்று. ஓசூரின் எண் 635109. எல்லைக்கு அப்பால் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்திப்பள்ளியின் எண் 562107. இவற்றின் வேறுபாடு 73,002. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிருஷ்ணகிரியின் எண்ணோ 635001. ஓசூரின் எண்ணுக்கும் அதற்கும் வேறுபாடு வெறும் 108. அண்மையிலுள்ள ஊர் எண்ணால் சேய்மையிலும், சேய்மையிலுள்ள ஊர் எண்ணால் அண்மையிலும் நிற்கின்றன. 2004 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஓசூரின் மாவட்டம் மாறியது. அஞ்சல் எண் மாறவில்லை. இரு ஊர்களின் அஞ்சல் எண்களைக் கூட்டுவதோ பெருக்குவதோ எப்பொருளையும் தராது. இவ்வகை எண் இலக்கங்களால் ஆகிய ஒரு பெயர்ச்சொல்.

எனினும், பெயராக வழங்கும் ஒன்றையும் அளவாகக் கொண்டு ஆராய்தல் இயலும். அவ்வாறு ஆராயும்போது கிடைப்பது எண்ணைப் பற்றிய அறிவே. ஊரைப் பற்றிய அறிவன்று.

3. 635109-இன் எண்சார் பண்புகள்

6,35,109 ஓர் ஒற்றைப்படை எண். அதன் இலக்கங்களின் கூட்டு 24 ஆதலின் அது 3-ஆல் வகுபடும், ஈவு 2,11,703. இவ்வீவு சிறிய பகா எண்கள் எவற்றாலும் வகுபடாமல் நீண்டு சென்று 269-ஆல் வகுபடுகிறது. கிடைக்கும் ஈவு 787. இதுவும் பகா எண்ணே. ஆகவே,

635109 = 3 × 269 × 787.

வெவ்வேறான மூன்று பகா எண்களின் பெருக்கமாக அமையும் எண்ணை மேலைநாட்டார் ‘ஸ்பெனிக்’ எண் என்பர். ஆப்பு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. இவ்வகையில் மிகச் சிறியது 30. 100-க்குள் 30, 42, 66, 70, 78 என ஐந்து எண்களே உள்ளன. இவ்வகை எண் ஒவ்வொன்றுக்கும் வகுத்திகள் சரியாக எட்டு. மூன்று பகாக் காரணிகளுள் ஒவ்வொன்றையும் ‘கொள்ளுதல்’ அல்லது ‘தள்ளுதல்’ என இரு வாய்ப்புகள் இருத்தலின் 2 × 2 × 2 = 8 என்பது பெறப்படும். 635109-இன் வகுத்திகள் 1, 3, 269, 787, 807, 2361, 211703, 635109 என்பனவாம்.

இவ்வெட்டின் கூட்டுத்தொகை 8,51,040. அதிலிருந்து எண்ணையே நீக்கினால் எஞ்சுவது 2,15,931. தன்னை நீக்கிய வகுத்திகளின் கூட்டு எண்ணுக்குச் சமமாயின் அது நிறைவெண், மிகுதியாயின் மிகையெண், குறைவாயின் குறைவெண். 635109 ஒரு குறைவெண். காரணிகளுள் எதுவும் இருமுறை வாராமையால், அது வர்க்கக் காரணி அற்ற எண்ணும் ஆகும்.

இனி ஓர் எச்சரிக்கை. கிருஷ்ணகிரியின் 635001 = 3 × 17 × 12451. இதுவும் மூன்று பகாக் காரணிகளின் பெருக்கமே. அத்திப்பள்ளியின் 562107 = 3 × 7 × 13 × 29 × 71 என ஐந்து பகாக் காரணிகளும் 32 வகுத்திகளும் உடையது. இதனால், எல்லைக்கு இப்பால் உள்ள ஊர்கள் ஓரினம், அப்பால் உள்ள ஊர் வேறினம் என்று யாரேனும் கூற முற்படலாம். அது பொருந்தாது. பத்து இலட்சத்துக்குள் உள்ள எண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மூன்று பகாக் காரணி வகையைச் சேர்ந்தது. அவ்வளவு பரவலாக உள்ள வகையில் இரண்டு எண்கள் ஒருசேர வீழ்வது வியப்பன்று. பண்பு உண்மையானது, அதன்மேல் ஏற்றப்படும் பொருளே பொய்யானது.

4. இலக்கங்களைச் சார்ந்த வகைப்பாடுகள்

எண்ணுருசார் வகைகளுக்குப் பெயரிட்டோருள் முதன்மையானவர் நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளியாசிரியராகப் பணியாற்றிய த. ரா. காப்ரேக்கர் (1905–1986). தன் இலக்கக் கூட்டால் மீதியின்றி வகுபடும் எண்ணை அவர் ‘ஹர்ஷத்’ எண் என்றார். மகிழ்ச்சி தருவது என்பது பொருள். ஓசூரின் எண்ணுக்கு இலக்கக் கூட்டு 24. ஒற்றைப்படை எண் 24-ஆல் வகுபடாது. எனவே அது ஹர்ஷத் எண்ணன்று. அத்திப்பள்ளியின் எண்ணுக்கு இலக்கக் கூட்டு 21; 562107 ÷ 21 = 26767. ஆகவே அது ஹர்ஷத் எண்.

ஓர் எண்ணுடன் அதன் இலக்கக் கூட்டைச் சேர்த்தால் மற்றோர் எண் பிறக்கும். இவ்வாறு எவ்வெண்ணிலிருந்தும் பிறவாத எண்ணைக் காப்ரேக்கர் ‘சுயம்பு’ என அழைத்தார். 635079-இன் இலக்கக் கூட்டு 30. இரண்டையும் கூட்டினால் 635109. ஆதலின் ஓசூரின் எண் சுயம்பு அன்று. அதற்குப் பிறப்பிடம் உண்டு.

1982-இல் அமெரிக்கக் கணிதவியலார் ஆல்பர்ட் வில்லான்ஸ்கி, தம் உறவினர் ஸ்மித்தின் தொலைபேசி எண்ணில் ஒரு புதுமை கண்டார். 4937775 = 3 × 5 × 5 × 65837. எண்ணின் இலக்கக் கூட்டு 42. பகாக் காரணிகளின் இலக்கக் கூட்டும் 42. இப்பண்புடையவை அதன்பின் ‘ஸ்மித் எண்கள்’ எனப்பட்டன. பெயராக மட்டும் வழங்கிய எண் ஒன்று ஒரு வகைக்கே பெயரளித்த நிகழ்வு இது. இச்சோதனையை 635109-க்குச் செய்தால், எண்ணின் இலக்கக் கூட்டு 24; காரணிகளின் கூட்டு 3 + 17 + 22 = 42. ஆகவே அது ஸ்மித் எண்ணன்று. ஆயினும் 24-உம் 42-உம் ஒன்றையொன்று திருப்பி எழுதிய வடிவங்கள் என்பது கண்ணைக் கவரும். இக்கவர்ச்சி எதனைச் சார்ந்தது என்பதே அடுத்து எழும் வினா.

இராமானுசனோடு இணைத்துப் பேசப்படும் 1729-உம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1³ + 12³ என்றும் 9³ + 10³ என்றும் இரு கனங்களின் கூட்டாக இரு வழியில் அமைவது அதன் எண்சார் பண்பு. இலக்கக் கூட்டான 19-ஆல் வகுபட்டு 91 தருவதால் அது ஹர்ஷத் எண்ணாதல் எண்ணுருசார் பண்பு. முன்னது எவ்வெழுத்திலும் நிலைக்கும். பின்னது பதின்ம இடமதிப்பு முறையில் மட்டுமே உறுதி.

5. பழந்தமிழ் எண்ணுரு தரும் சோதனை

பழந்தமிழ் எண்ணுரு முறையில் சுழியம் இல்லை. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கு ௰, ௱, ௲ எனத் தனிக் குறிகள் இருந்தன. குறிக்கு முன் நிற்கும் எண் அதனைப் பெருக்கும். பின் நிற்பது கூடும். ஒரு நூற்றைக் குறிக்க ௱ மட்டும் போதும். முன்னே ஒன்று எழுதப்படுவதில்லை. இம்முறையில் 635109 என்பது, அறுநூற்று முப்பத்தைந்து ஆயிரமும் நூற்றொன்பதும் எனக் கொள்ளப்பட்டு,

௬௱௩௰௫௲௱௯

என எழுதப்படும். இதில் ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண் குறிகள் 6, 3, 5, 9 ஆகிய நான்கே. அவற்றின் கூட்டு 23. இன்றைய முறையில் 24. பலன் உரைப்போர் வழியில் மேலும் கூட்டினால் இன்றைய உருவுக்கு 6. பழைய உருவுக்கு 5. எட்டின் அடிமானத்தில் எழுதினால் உரு 2330345; கூட்டு 20. ஊர் மாறவில்லை, எண் மாறவில்லை. எழுதும் முறை மாறியதும் ‘அதிர்ஷ்ட எண்’ மாறிவிடுகிறது. 24, 42 என்னும் திருப்பமும் இவ்வாறே மறைந்துவிடும். ஆனால் ௬௱௩௰௫௲௱௯ என்னும் அளவும் 3, 269, 787 ஆகியவற்றால் மட்டுமே ஆக்கப்பட்டது. அது எட்டின் அடிமானத்திலும் அவ்வாறே.

இதனால் எண்ணுருவை ஆராய்தல் பயனற்றது என்பது கருத்தன்று. எண்ணுரு சிலபோது எண்ணின் இயல்பைக் காட்டும் சாளரமாகிறது. 3-ஆல் வகுபடுதலை இலக்கக் கூட்டால் அறிய முடிவது, 10, 100, 1000 ஆகியவை ஒவ்வொன்றும் 3-ஆல் வகுக்கப்படும்போது 1 மீதி தருவதனால்தான். பழைய உருவிலும் இதே காரணம் பொருந்தும்; தனித்து நிற்கும் ௱ குறியையும் ஒன்றாகக் கணக்கிட்டால் 23 என்பது 24 ஆகிவிடும். காரணம் அறிந்தோர் எம்முறையிலும் சோதனையைச் சரியாக அமைத்துக்கொள்வர். காரணம் அறியாதோர் விதியை மட்டும் பற்றி வழுவுவர்.

ஓசூரின் மும்மொழிச் சூழலும் இதற்குத் துணை நிற்கிறது. ‘ஆறு இலட்சத்து முப்பத்தைந்தாயிரத்து நூற்றொன்பது’ எனத் தமிழர் கூறுவதைக் கன்னடர் ‘ஆரு லட்சத மூவத்தைது சாவிரத நூர ஒம்பத்து’ என்பர். தெலுங்கர் ‘ஆரு லட்சல முப்பை ஐது வேல நூட தொம்மிதி’ என்பர். மூன்றிலும் சுழியத்துக்குச் சொல் இல்லை. நூற்றுக்கு முன் ‘ஒன்று’ இல்லை. பேச்சுவழி எண்ணுப்பெயர்கள் இடமதிப்பு முறையை அன்றிப் பழந்தமிழ் எண்ணுரு முறையையே ஒத்துள்ளன. 635109 என எழுதுவோரும் வாயால் ௬௱௩௰௫௲௱௯ என்பதற்கு நெருங்கிய அமைப்பையே மொழிகின்றனர்.

6. 32768: பண்பால் தெரிவான எண்

குவார்ட்சு கைக்கடிகாரத்தினுள் இசைக்கவை வடிவில் வெட்டிய சிறு படிகம் ஒன்று உள்ளது. மின்கலத்தால் தூண்டப்பட்டு அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதிர்வு எண்ணிக்கையை மின்சுற்று மீண்டும் மீண்டும் பாதியாக்குகிறது. 32768, 16384, 8192 எனக் குறைந்து பதினைந்தாம் முறையில் சரியாக 1 கிடைக்கிறது. அந்த ஒரு துடிப்பு நொடிமுள்ளை ஒரு படி நகர்த்துகிறது. 32768 = 2¹⁵ என்பதே இதற்குக் காரணம்.

இவ்வெண் ஏன் தெரிவு செய்யப்பட்டது என்பதில் எண்ணுக்கும் எண்ணுருவுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். 30,000 என்பது பார்வைக்கு முழுமையான எண். ஆனால் 15000, 7500, 3750, 1875 என நான்கு முறை பாதியாக்கியதும் அது ஒற்றைப்படையாகி நின்றுவிடும். 30,000-இன் முழுமை பதின்ம எண்ணுருவின் தோற்றம். 32768-இன் முழுமை எண்ணின் இயல்பு. 635109-ஐயோ ஒருமுறைகூடப் பாதியாக்க இயலாது.

இரண்டின் அடுக்குகள் பலவிருக்க, பதினைந்தாவது ஏன்? 1969 டிசம்பர் 25 அன்று வெளிவந்த முதல் குவார்ட்சு கைக்கடிகாரமான செய்க்கோ ஆஸ்ட்ரானில் படிகம் நொடிக்கு 8192 முறை, அதாவது 2¹³ முறை அதிர்ந்தது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கவல்லது. 2¹⁴ = 16384 அவ்வெல்லைக்குள் அமைகிறது; அதனைக் கடக்கும் முதல் இரண்டின் அடுக்கு 32768. மேலும் உயர்ந்தால் மின்கலம் விரைவில் தீரும். தாழ்ந்தால் படிகம் பெரிதாக வேண்டும். கணிதமும் செவியும் மின்கலமும் ஒருங்கே இசைந்த இடம் இவ்வெண். படிகம் ஒரே ஓர் அதிர்வு மிகுந்து 32769 முறை அதிர்ந்தால், நாளொன்றின் 86,400 நொடிகளில் கடிகாரம் ஏறத்தாழ 2.64 நொடி முந்திவிடும்.

32768-இன் வகைப்பாடும் குறிப்பிடத்தக்கது. தன்னை நீக்கிய அதன் வகுத்திகளின் கூட்டு 32767. நிறைவெண் ஆவதற்கு ஒன்றே குறைவு. இரண்டின் அடுக்குகள் அனைத்துக்கும் இவ்வொன்றின் குறைவு உண்டு. அவையல்லாத வேறெவ்வெண்ணுக்கும் இப்பண்பு உண்டா என்பது கணிதத்தில் இன்றும் தீராத வினா. 32767 = 7 × 31 × 151 என்பதால், கடிகார எண்ணுக்கு ஒன்று குறைந்த எண் ஓசூரின் அஞ்சல் எண் சார்ந்த வகையிலேயே அமைகிறது.

xʸ + yˣ என்னும் வடிவில் அமையும் எண்கள், பிரித்தானியக் கணிதவியலார் பால் லேலண்டின் பெயரால் ‘லேலண்ட் எண்கள்’ எனப்படுகின்றன. 2¹⁵ + 15² = 32993 அவற்றுள் ஒன்று; பகா எண்ணும்கூட. ஓசூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை இருப்பதால் இங்கும் ஒரு தொடர்பு தென்படலாம். அது பெயரொற்றுமை மட்டுமே. எண்சார் பண்பும் அன்று, எண்ணுருசார் பண்பும் அன்று.

பாதியாக்கல் தமிழ்க் கணக்கு மரபுக்குப் புதியதன்று. அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம் என ஆறு முறை பாதியாக்கிய அளவுகளுக்கு, அதாவது 1/64 வரை, தனிப்பெயர்கள் உண்டு. மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்னும் வரிசையோ ஐந்தையும் இரண்டையும் பிணைப்பது. 320 = 2⁶ × 5 என்பதால் முந்திரி என்னும் அலகு பாதியாக்கலுக்கும் பதின்மப் பகுப்புக்கும் ஒருங்கே இடம் தந்தது. அலகைத் தேர்ந்தவர்கள் எண்ணின் காரணிகளைக் கருதியே தேர்ந்தனர் என்பதை இது காட்டுகிறது.

7. கலைச்சொல்லாக்கம்

இருமக் குறியீட்டில் 635109 என்பது 10011011000011100101. இருபது இடங்களில் பத்து ஒன்றுகளும் பத்துச் சுழியங்களும் உள்ளன. ஒன்றுகள் இரட்டைப்படையாக வரும் எண்ணை ஆங்கிலத்தில் ‘தீய’ எனப் பொருள்படும் ‘ஈவில்’ என்றும், ஒற்றைப்படையாக வருவதை ‘வெறுக்கத்தக்க’ எனப் பொருள்படும் ‘ஓடியஸ்’ என்றும் வழங்குவர். இரட்டையைக் குறிக்கும் ‘ஈவன்’, ஒற்றையைக் குறிக்கும் ‘ஆட்’ ஆகியவற்றோடு ஒலியொப்புமை கருதி எழுந்த சொல்விளையாட்டு அது. இதனைத் ‘தீய எண்’ எனப் பெயர்த்தால் விளையாட்டு மறைந்து பழி மட்டும் எஞ்சும். பலன் உரைக்கும் கலைக்கும் அது இடமளிக்கும். ஒன்றுகளை எண்ணிப் பார்ப்பது கணினித் தரவில் பிழை காணும் எளிய முறையுமாகும். ஆகவே பொருள் வெளிப்படையான பெயரே தேவை.

இங்கு மூன்று நெறிகள் முன்மொழியப்படுகின்றன. முதலாவது, எண்சார் வகைகளுக்கு ஆக்கத்தைக் காட்டும் பெயர் இடுதல். ஸ்பெனிக் எண்ணை ‘முப்பகா எண்’ எனலாம். இரண்டாவது, எண்ணுருசார் வகைகளுக்கு அடிமானமும் இலக்கமும் தோன்றப் பெயரிடுதல். ஹர்ஷத் எண்ணைப் ‘பதின்ம இலக்கக்கூட்டு வகுவெண்’ என்றும், ஸ்மித் எண்ணைப் ‘பதின்ம இலக்கக்கூட்டுச் சமவெண்’ என்றும், மேற்கூறிய இரண்டை ‘இரும இரட்டையொன்று எண்’, ‘இரும ஒற்றையொன்று எண்’ என்றும் கூறலாம். மூன்றாவது, அஞ்சல் எண், வண்டி எண் போன்றவற்றை ‘அடையாள எண்’ என வேறுபடுத்தல்.

‘இலக்கம்’ என்னும் சொல்லிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது 0 முதல் 9 வரையிலான தனி உரு. பழைய வழக்கில் அது நூறாயிரம். இலங்கைத் தமிழில் வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம் என அது அடையாள எண்ணைக் குறிக்கும். ‘பதின்ம’, ‘இரும’ என்னும் அடைகள் முன்வரின் இக்குழப்பம் நீங்கும்.

8. முடிவுரை

635109 முப்பகா எண், குறைவெண், வர்க்கக் காரணி அற்ற எண். இவை எவ்வெழுத்தில் எழுதினும் மாறா. அது ஹர்ஷத் எண்ணன்று, ஸ்மித் எண்ணன்று, சுயம்புவன்று என்பன பதின்ம இடமதிப்பு முறையைச் சார்ந்தவை. ஓசூரைச் சுட்டுவது அதன் வழக்கு, பண்பன்று. 32768-இன் வழக்கோ அதன் பண்பிலிருந்தே பிறந்தது. புதிய எண் வியப்பு எதனைக் கேட்பினும், ‘இதனைப் பழந்தமிழ் எண்ணுருவில் எழுதினால் நிலைக்குமா?’ என வினவுதல் வகுப்பறையிலேயே செய்யத்தக்க சோதனை. அவ்வகையில், வழக்கொழிந்ததாகக் கருதப்படும் ௰, ௱, ௲ என்னும் குறிகள் இன்றைய மாணவருக்கு எண்ணையும் எண்ணுருவையும் பிரித்தறியும் கருவியாகப் பயன்படுகின்றன. அடுத்துவரும் கலைச்சொல் தொகுப்புகள் எண் வகைகளைப் பட்டியலிடும்போது இவ்விரு பிரிவுகளையும் தனித்தனியே வகுத்துக்கொள்ளுதல் நன்று.